செப்டம்பர் மதிப்பெண்

2011 மார்ச் 26, சனிக்கிழமை, இரவு எட்டு மணி ஒன்பது நிமிடம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் உள்ள போர்ட் ஹாலம் நகரப் பனியரங்கில், ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கிய நான்காம் நிமிடத்தில், டேல் ஹௌதலா என்ற இருபத்துமூன்று வயது ஆட்டக்காரனின் தலை பக்கவாட்டுக் கண்ணாடியில் மோதியது. பதினோரு விநாடிகள் அவன் அசையாமல் கிடந்தான். பிறகு தானாகவே எழுந்து, சறுக்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தான். அது எதிரணியின் பெஞ்சு.

அரங்கில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் சிரித்தார்கள். எதிரணிக்காரன் ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்துத் தண்ணீர் புட்டியையும் நீட்டினான். சிரிப்பு இன்னும் பெரிதானது. அடுத்த பெஞ்சின் பின்னால் டை கட்டி நின்றிருந்த பயிற்சியாளர் லோர்ன் பிதர்னி சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை அவர் இரண்டு முறை மூடித் திறந்ததை உதவிப் பயிற்சியாளர் பார்த்தார்.

பிதர்னிக்கு நாற்பத்தேழு வயது. கனடாவின் சஸ்காட்சுவன் சமவெளியில் கோதுமைப் பண்ணை ஒன்றில் பிறந்தவர். சின்ன லீகுகளில் பதினான்கு பருவங்கள், பதினோரு ஊர்கள். பெரிய லீகிலிருந்து ஒரே ஒரு முறை அழைப்பு வந்தது. விமானம் ஏறிப் போய்ச் சீருடை மாட்டி, ஆட்டத்துக்கு முந்தைய ஒத்திகையில் பன்னிரண்டு நிமிடம் சறுக்கினார். அதற்குள், யாருக்குப் பதிலாக அவரை அழைத்தார்களோ, காய்ச்சலில் கிடந்த அந்த ஆட்டக்காரன் எழுந்து வந்துவிட்டான். மறுநாள் பஸ்ஸில் திரும்பினார். அவர் கோல் அடிக்கிறவர் அல்ல. கோல் அடிக்கிறவனை எவனும் தொடாமல் பார்த்துக்கொள்கிறவர். கையுறையை உதறிவிட்டு முஷ்டியால் மோதுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. நாற்பது வயதில் முழங்கால் நின்றுவிட்டது. அதன்பின் பயிற்சியாளர். இது அவருடைய மூன்றாவது அணி.

அணியின் உடல்நலப் பொறுப்பாளர் மார்லீன் ஓஸ்ட்பி, ஹௌதலாவை உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“டேல், இன்னைக்கு யார்கூட ஆட்டம்?”

சரியாகச் சொன்னான்.

“ஸ்கோர் என்ன?”

“நாமதான் முன்னால.”

“ரெண்டுக்கு ரெண்டு.”

“அப்ப சீக்கிரம் முன்னால வந்துடுவோம். என்னை விடு மார்லீன்.”

அவள் விடவில்லை. ஹௌதலா இல்லாமலே அணி அன்று நான்குக்கு மூன்று என்று வென்றது. பிளே-ஆஃப் தொடர் மூன்றுக்கு மூன்று சமம். தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் செவ்வாய்க்கிழமை, இதே அரங்கில்.

தலையில் அடிபட்டவன் மறுபடி ஆடலாமா என்பதைத் தீர்மானிக்க அந்த லீகில் ஒரு கணினித் தேர்வு இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரும், பருவம் தொடங்குவதற்கு முன், எல்லோரும் அதை எழுதுவார்கள். திரையில் சொற்கள் வரும், மறையும். எவையெல்லாம் வந்தன என்று சொல்ல வேண்டும். நிறம் மாறியதும் பொத்தானை அமுக்க வேண்டும். நல்ல நிலையில் அவன் மூளை எவ்வளவு வேகம் என்பது அந்த மதிப்பெண். அடிபட்ட பிறகு அதே தேர்வை மறுபடி வைப்பார்கள். செப்டம்பர் மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் வெளியே. குறையாவிட்டால் உள்ளே.

கடந்த செப்டம்பரில், பயிற்சி முகாமின் மூன்றாம் நாள் காலை, மார்லீன் கணினிகளுக்கு மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது, பிதர்னி உடை மாற்றும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“டேய், பரீட்சைக்குப் போறவனுங்க கொஞ்சம் கேளுங்க. இதுல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினா உங்கம்மா சந்தோஷப்பட மாட்டாங்க.”

“எங்கம்மா நம்பவே மாட்டாங்க கோச்,” என்றான் கேப்டன் பிரிசன்.

“பன்னெண்டு வார்த்த காட்டும். ஏழு ஞாபகம் வந்தாப் போதும். கலர் மாறினதும் பாஞ்சு அமுக்காதீங்க. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு அமுக்குங்க. ரொம்பவும் கோட்டை விட்டுடாதீங்க, மெஷினு கண்டுபிடிச்சிடும். இப்பக் கொஞ்சம் மடையனா இருந்தீங்கன்னா ஜனவரில அடிபட்டாலும் வேலை இருக்கும்.”

“பிரிசன் நடிக்கவே வேண்டாம் கோச். சும்மா எழுதினாப் போதும்,” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிதர்னியும் சிரித்தார். அதில் தவறு இருப்பதாக அன்று அவருக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். பதினாறு வருடங்களுக்கு முன், ஐந்தாவதோ ஆறாவதோ ஊரில், ஒரு திங்கட்கிழமை தலைவலி என்று உண்மையைச் சொன்னார். வியாழக்கிழமை அவருடைய ஆணியில் வேறொருவனின் சட்டை தொங்கியது. தலைவலி என்று சொன்னவன் இடத்தில் வேறு தலை வந்து நிற்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. செப்டம்பர் தேர்வைக் கெடுத்து எழுதுவதும் அப்படித்தான். பல அணிகளில் பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அணிக்கு வெளியே யாரும் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அதை அவர் மறந்தும் போயிருந்தார். சனிக்கிழமை ஹௌதலா தவறான பெஞ்சில் போய் உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அரங்கில் யாரும் இல்லை. ஹௌதலாவின் அப்பா ஆர்வோ மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பனியைச் சீவி, வெந்நீர் விட்டு மெழுகும் வண்டி. இருபத்தாறு வருடமாக அதுதான் அவர் வேலை. பிதர்னியைப் பார்த்ததும் நடுவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். அந்த மனிதர் பாதியில் வண்டியை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் பனி குழிந்துவிடும்.

“கோச், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க ஆர்வோ.”

“நேத்து சவ்னாவுக்கு வரலைன்னுட்டான். சனிக்கிழமை ராத்திரி சவ்னாவுக்கு எம் பையன் வராம இருந்ததே இல்ல. அந்த நீராவிச் சூட்டுல தல கிறுகிறுக்குதாம். இன்னைக்குக் காலையில எந்திரிச்சு ஜன்னலுக்கெல்லாம் போர்வையப் போட்டு மூடிட்டான். வெளிய பனியில வெயிலு பட்டுக் கண்ணக் குத்துதாம்.”

“களைப்பா இருக்கும்.”

“எங்கிட்ட ஒண்ணுமில்லைங்கறான். அவன் சொல்றத நம்பலாமா? நீங்க ஆடின ஆளு. உங்களுக்குத் தெரியும்ல?”

பிதர்னி பனியைப் பார்த்தார். வண்டியின் அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

“நாளைக்கு டெஸ்ட் இருக்கு ஆர்வோ. டெஸ்ட்ல தெரிஞ்சிரும்.”

“அப்பச் சரி,” என்றார் ஆர்வோ. முகம் தெளிந்தது. “மெஷினு பொய் சொல்லாது.”

திங்கட்கிழமை காலை தேர்வு நடந்தது. முப்பது நிமிடம். மதிப்பெண் செப்டம்பரில் இருந்த அதே அளவு. ஒரு பகுதியில் இரண்டு புள்ளி கூட. நகர மருத்துவமனையிலிருந்து வரும் டாக்டர் தாளை இரண்டு முறை புரட்டினார்.

“போன செப்டம்பருக்கு இப்பத் தேவல. அடி வாங்கினா புத்தி வருது போல. இத மத்தவங்களுக்கும் சிபாரிசு பண்ணலாமா மார்லீன்?”

மார்லீன் சிரிக்கவில்லை. தலைவலி, வெளிச்சம், தூக்கம் பற்றி ஹௌதலாவிடம் மறுபடி கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். இல்லை என்கிறவனையும் குறையாத மதிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு அவளால் எதையும் தடுக்க முடியாது. டாக்டர் கையெழுத்திட்டார். செவ்வாய்க்கிழமை ஆடலாம்.

அன்று மாலை ஹௌதலா பயிற்சியாளரின் அறைக்கு வந்தான். குழல்விளக்கின் கீழே நிற்காமல் கதவோரமாகவே நின்றான்.

“கோச், மேல் லீகுலருந்து ஆள் வர்றாராம் நாளைக்கு. லாசன் சொன்னார்.” லாசன் அணியின் உரிமையாளர், ஊரில் கார் விற்கிறவர்.

“ம். எனக்கும் சொன்னார்.”

“என்னைப் பாக்கத்தான்.”

“தலை எப்படிடா இருக்கு?”

“நல்லாருக்கு.”

“டேல். கதவச் சாத்திட்டுச் சொல்லு.”

ஹௌதலா கதவைச் சாத்தினான். அவன் முகத்தில் களவாகச் சிரிக்கும் பிள்ளையின் சிரிப்பு.

“நீங்க சொல்லிக் குடுத்தது வேல செஞ்சுது கோச். ஆனா ஒரு தமாஷு. செப்டம்பர்ல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு அமுக்கினேன்ல? இன்னைக்கு எண்ணவே வேண்டியிருக்கல. அவசர அவசரமாத்தான் அமுக்கினேன். அதுவே சரியா அதே இடத்துல வந்து நின்னுச்சு.”

ஹௌதலா, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிப் போய்விட்டான். வாசலில் தோள் கதவு நிலையில் இடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் சொன்னதன் பொருள் பிதர்னிக்கு உடனே விளங்கியது. வேண்டுமென்றே தாமதித்து எடுத்த மதிப்பெண்ணை, முழு மூச்சாக முயன்றும் இன்று அவனால் தாண்ட முடியவில்லை.

பிதர்னிக்கு இதில் பயப்பட ஒரு தனிக் காரணம் இருந்தது. 1996 பிப்ரவரியில், ஏழாவது ஊரில், பெஞ்சில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்பவன் ராட் பெசெட். வெள்ளிக்கிழமை தலையில் அடி. ஞாயிற்றுக்கிழமை ஆடினான். அன்று பட்டது அடி என்றே சொல்ல முடியாது; சுவரோரம் பக் எனும் ரப்பர் வட்டை எடுக்கப் போனபோது யாரோ உரசினான், அவ்வளவுதான். எழுந்து வந்து பிதர்னியின் பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். பிதர்னி புட்டியை நீட்டினார். வாங்கக் கை வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது பெசெட்டின் ஒரு கண் மட்டும் முழுக்கக் கறுத்து விரிந்திருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்தது. முதல் அடி ஆறாத தலைக்கு இரண்டாவது அடி பெரிதாக இருக்கத் தேவையில்லை என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். அணியினர் பிதர்னியிடம்தான் பெசெட்டின் பையைக் கொடுத்து அவன் மனைவியிடம் சேர்க்கச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை இரவு பிதர்னி தூங்கவில்லை. பொழுது விடிந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது, பயந்தவனுக்கு வரும் யோசனை. உண்மையை யாரிடமும் சொல்ல வேண்டாம். ஹௌதலாவைப் பட்டியலில் எழுதாமல் விட்டுவிடலாம். காரணம் கேட்டால் பயிற்சியாளரின் முடிவு என்று சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு உரிமையாளர் பர்ட் லாசன் காப்பியோடு வந்தார்.

“பேப்பர்க்காரன்கிட்ட டேல் ஆடறான்னு சொல்லிட்டேன். டிக்கெட் முழுக்கப் போயிடுச்சு.”

“யோசிச்சுட்டிருக்கேன் பர்ட்.”

“என்ன யோசன? டாக்டர் சரின்னுட்டார். இந்தப் பருவத்துல முப்பத்தொரு கோல் போட்டவன உக்கார வெச்சுட்டு நீ யாரக் கூட்டிட்டு ஆடப் போற? ஆர்வோவையா? வண்டியோட எறக்கிவிடவா?” லாசன் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “உன் கான்ட்ராக்ட் விஷயம் புதன்கிழமை பேசலாம்னு இருந்தேன் லோர்ன். சந்தோஷமாப் பேசணும்னு ஆசப்படறேன்,” என்றார்.

பத்து மணிக்குக் காலைப் பயிற்சி. பிதர்னி வெள்ளைப் பலகையில் ஒரு நகர்வை வரைந்து காட்டினார். நவம்பரிலிருந்து தினமும் செய்கிற நகர்வு. ஹௌதலா இடப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் போனான். இரண்டாம் முறையும் வலப்பக்கம்.

“டேய், அந்தப் பக்கம் உன் மாமியார் வீடுடா! இங்க வா!” என்று கத்தினான் பிரிசன்.

மூன்றாம் முறை ஹௌதலா கிளம்பும் முன் இடது கையுறையை லேசாக விலக்கி மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் போனான். பயிற்சி முடிந்து எல்லோரும் உள்ளே போகையில் பிதர்னி அவன் கையைப் பிடித்தார். மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. அதில் பேனாவால் எழுதியிருந்தான்: முதலில் இடது. இரண்டாவது நடு. பெஞ்சு, கடிகாரத்துக்குக் கீழே.

“இது எதுக்குடா?”

“பதட்டத்துல மறந்துடக்கூடாதுல்ல கோச். ஏழாவது ஆட்டமாச்சே.”

ஆடாமல் உட்காரவைத்தால் மட்டும் போதாது என்று பிதர்னிக்கு அப்போது தெரிந்தது. இவன் கையில் டாக்டர் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது. இன்று உட்காரவைத்தால் இன்று மாலையே மேல் லீக்காரரிடம் அதை நீட்டுவான். வாரக் கடைசியில் வேறொரு ஊரில், இவன் தவறான பெஞ்சில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திராத ஒருவர் இவனைக் களத்தில் இறக்குவார்.

மார்லீனின் அறை வாசலை அவர் இரண்டு முறை கடந்து போனார். மூன்றாம் முறை உள்ளே போனபோது மணி பதினொன்றரை. அவள் இறைச்சி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“டேலோட செப்டம்பர் மார்க்கு பொய்,” என்றார் நின்றபடியே. “வேணும்னே கொறச்சு எழுதினது. நான்தான் எழுதச் சொன்னேன்.”

அவள் தின்றுகொண்டிருந்ததைக் கீழே வைத்தாள்.

“டேலுக்கு மட்டுமா?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும்னா?”

“இருபத்துமூணு பேருக்கும். நீ கம்பி இழுத்துட்டு இருந்தப்ப.”

மார்லீன் எழுந்து அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். கத்துவாள் என்று பிதர்னி எதிர்பார்த்து வந்திருந்தார். அவள் தாள்களைப் படிக்கும் குரலில்தான் பேசினாள்.

“நவம்பர் பன்னெண்டு, பிரிசன். அடிபட்டு நாலாம் நாள் டெஸ்ட், பாஸ். ஆட அனுப்பிச்சேன். ஜனவரி எட்டு, ஃபெல்ட்மன். மூணாம் நாள் பாஸ். அனுப்பிச்சேன். அவன நீங்க பிப்ரவரில ஐயோவா அணிக்கு மாத்திவிட்டீங்க. தெரியுமா, டெஸ்ட் முடிச்சு வந்து எங்கிட்ட நன்றி சொன்னான் அவன்.” கோப்பை மூடினாள். “எல்லாத்துலயும் எங் கையெழுத்து இருக்கு லோர்ன்.”

பிதர்னிக்கு ஃபெல்ட்மனைப் பற்றி யோசிக்கத் தோன்றியிருக்கவில்லை. மூன்று நாளாக ஒரே ஒரு தலையைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் தம் அனுமதியைத் திரும்பப் பெற்றார். பிரிசனையும் சேர்த்து நிறுத்தினார். லாசன் தொலைபேசியில் கத்தியது தாழ்வாரம்வரை கேட்டது. ஃபெல்ட்மனின் எண்ணுக்குப் பிதர்னியே அழைத்தார். அவன் மனைவி எடுத்தாள்.

“தூங்கறார் கோச். இப்பல்லாம் பகல்லயும் தூங்கறார். எழுப்பட்டுமா?”

“எழுப்பும்மா,” என்றார் பிதர்னி. “இப்பவே எழுப்பு. முழிக்கிறானான்னு பாத்துட்டு வந்து சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மறுபடியும் கூப்பிட்டாள். பிதர்னி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகு ஓர் ஆணின் குரல் என்னமோ எரிச்சலாக முனகியது.

“முழிச்சுட்டார் கோச். என்ன விஷயம்?”

அவர் விஷயத்தைச் சொன்னார். முதலிலிருந்து இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மணிக்கு ஹௌதலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். இந்த முறை கதவோரம் நிற்கவில்லை.

“எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டு இப்ப நீங்களே காட்டிக் குடுக்கறீங்க!”

“உட்காரு டேல்.”

“உட்கார மாட்டேன். உங்களுக்கு மேல போக வாய்க்கல. அதனால நானும் போகக் கூடாதா? பதினாலு வருஷம் ஆடினீங்களே, உங்கள ஒருத்தனாவது நிறுத்தினானா?”

“இல்ல.”

“அப்புறம்?”

பிதர்னி சட்டைக் கையை மேலே இழுத்தார். கடிகாரத்துக்கு மேலே அவர் கையிலும் டேப் சுற்றியிருந்தது. அன்றைய ஆட்டக்காரர்களின் வரிசையை அதில் எழுதியிருப்பார் என்று அணியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஹௌதலா குனிந்து படித்தான். அவருடைய வீட்டு எண்ணும் தெருப் பெயரும் எழுதியிருந்தன. அதன் கீழே அவர் மகளின் பெயர்.

“யாராவது நிறுத்தியிருக்கணும்,” என்றார் பிதர்னி.

ஹௌதலா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, “இந்த லைட்ட அணைங்க கோச்,” என்றான். “ரொம்ப வலிக்குது. சனிக்கிழமையிலருந்தே வலிக்குது.”

பிதர்னி விளக்கை அணைத்துவிட்டு ஆர்வோவைக் கூப்பிடப் போனார்.

அன்றைய ஆட்டத்தில் போர்ட் ஹாலம் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றது. ஆர்வோ வண்டி ஓட்ட வரவில்லை. நகராட்சி வேறு ஆளை அனுப்பியது. மகனைக் கூட்டிக்கொண்டு நூறு மைல் தள்ளியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அவர் போயிருந்தார். புதன்கிழமை எடுத்த படத்தில் ஹௌதலாவின் மூளையின் இடப்பக்கம் மெல்லிய ரத்தக் கசிவு தெரிந்தது. அறுவை தேவைப்படவில்லை. ஏழு வாரத்தில் வற்றியது. ஃபெல்ட்மனை ஐயோவா அணி அந்தப் பருவம் முழுதும் நிறுத்தியது. பிரிசன் மே மாதம் புதிதாகத் தேர்வு எழுதித் தேறினான். லீக் பிதர்னியை ஓராண்டு இடைநீக்கம் செய்தது. லாசன் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஹௌதலா அதன்பின் எந்த லீகிலும் ஆடவில்லை.